தாத்தாவோட டப்ளோ இன்ஜின்: சூடாகுது, ஆனா இழுக்க மாட்டேங்குது

பொன்மலைப்பேரன் | சனி, இரவு 9:40

வணக்கம். ரெண்டு வருஷமா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தவன், எழுதுறது இதுதான் முதல் தடவை.

தாத்தா திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டர். கூட வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியன் ஃபோர்மேன் ஒருத்தர் குடும்பத்தோட இங்கிலாந்துக்குக் கிளம்பினப்போ, அவர் பையனோட டப்ளோ பொம்மை ரயில் செட்டைத் தாத்தாகிட்ட குடுத்துட்டுப் போயிருக்கார். போன வாரம் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி பண்ணினப்போ பித்தளை அண்டாவுக்குள்ள இருந்து வெளிய வந்துச்சு. படம் போட்டிருக்கேன், இருக்கிறது இதான்:

ஒரு கறுப்பு டேங்க் இன்ஜின், பக்கவாட்டுல சக்கரத்து மேல சிங்கம் நிக்கிற முத்திரை, நம்பர் 69567. மூணு சரக்கு வேகன், ஒரு கார்டு வேன். தகர அடித்தட்டு வச்ச தண்டவாளம் 14 துண்டு, நடுவுல மூணாவதா ஒரு தண்டவாளம். ஒரு டிரான்ஸ்ஃபார்மர், அதோட ஒயரைத் தொட்டாலே ரப்பர் பொடிப்பொடியா உதிருது.

வைஃபை ரவுட்டரோட 12 வோல்ட் அடாப்டரை வச்சுப் பார்த்தேன். இன்ஜினைக் கையில தூக்கிப் பிடிச்சா சக்கரம் பிச்சுக்கிட்டு சுத்துது. தண்டவாளத்துல வச்சா நாலு இஞ்சு நகர்ந்து நின்னுடுது. ஒரு நிமிஷத்துல விரல் வைக்க முடியாத சூடு. காயில் போயிடுச்சா?

அப்புறம் பெயின்ட் நிறைய இடத்துல போயிருக்கு. தெரிஞ்ச கார் டிங்கரிங் பட்டறையில பளபளன்னு ஸ்ப்ரே அடிச்சுத் தரேன்னு சொல்றார். அடிச்சிடலாமா?

தகரப்பெட்டி | சனி, இரவு 9:52

அடிக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம், முதலில் அந்தப் பட்டறைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கரிப்புகை | சனி, இரவு 10:15

தம்பி, அருமையான சரக்கு. அது ஹார்ன்பி டப்ளோ, ஈடிஎல்17 மாடல், 0-6-2 டேங்க் (நடுவுல ஆறு பெரிய சக்கரம், பின்னாடி ரெண்டு சின்னது). லிவர்பூல் பின்ஸ் ரோடு மெக்கானோ ஃபேக்டரி சாமான். டப்ளோ வந்தது 1938ல, மூணு தண்டவாளம், 12 வோல்ட் டிசி. 1948ல பிரிட்டிஷ் ரயில்வே தேசியமயம் ஆனதுக்கு அப்புறம் வந்த முத்திரைதான் உங்க சிங்கம். ரெண்டு தண்டவாளத்துக்கு அவங்க மாறினது 1959ல. உங்களுது நடுவுல எங்கயோ, அம்பதுகள்ல செஞ்சது.

முதல்ல ஒரு விஷயம். அந்த டிரான்ஸ்ஃபார்மரைச் சுவத்துல சொருகவே சொருகாதீங்க. 230 வோல்ட் போற ஒயர்ல இன்சுலேஷன் இல்லன்னா அது விளையாட்டுச் சாமான் இல்ல. அலமாரியில அழகுக்கு வைங்க.

ரெண்டாவது, ரவுட்டர் அடாப்டரும் வேண்டாம். ஷார்ட் ஆனா எது முதல்ல கருகும்னு தெரியாது. ரிச்சி ஸ்ட்ரீட்ல வோல்ட், ஆம்பியர் ரெண்டும் டிஸ்ப்ளேல காட்டுற பவர் சப்ளை கிடைக்குது. கரண்ட் லிமிட் வைக்கிற வசதி இருக்கான்னு பார்த்து வாங்குங்க. இந்தப் பொழுதுபோக்குல மொதல்ல வாங்க வேண்டியது அதுதான், இன்னொரு இன்ஜின் இல்ல.

மூணாவது, காயில் போயிருந்தா வெறும் கையில அவ்வளவு வேகமா சுத்தாது. எனக்கு வேற சந்தேகம். இதுக்குப் பதில் சொல்லுங்க: எப்பவாவது யாராவது அந்த மோட்டாரைப் பிரிச்சிருக்காங்களா?

பொன்மலைப்பேரன் | சனி, இரவு 11:05

அப்பாகிட்ட கேட்டேன். முதல்ல இல்லன்னார். அப்புறம் சிரிச்சுட்டு, எட்டாவது படிக்கும்போது ஒரு லீவுல முழுசாப் பிரிச்சு, உருளையை வெளிய எடுத்து மண்ணெண்ணெய்ல கழுவி, மறுநாள் மாட்டினாராம். அதுக்கு முன்னாடி நிஜ ரயில் மாதிரி ஓடுமாம். அப்புறம் ஓடல. தாத்தாவுக்குத் தெரியாம பெட்டியில வச்சு மூடிட்டாராம். அம்பது வருஷ ரகசியம் இன்னிக்கு வெளிய வந்துச்சு.

இன்னொண்ணும் சொன்னார். ஒருக்கா காலிங் பெல் டிரான்ஸ்ஃபார்மர்ல இணைச்சுப் பார்த்திருக்கார். உர்ர்ருன்னு நின்ன இடத்துலயே நடுங்குச்சாம்.

கரிப்புகை | சனி, இரவு 11:20

அப்பா ரெண்டு தப்பையும் ஒரே லீவுல பண்ணிட்டார் 😄

காந்தம் செத்துப்போச்சு தம்பி. அந்தக் காலத்து மோட்டார்ல இருக்கிறது அல்நிக்கோ காந்தம். அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்தது. நல்ல பலம், ஆனா சுலபமா பலம் இழக்கும். ஆர்மேச்சர், அதாவது அப்பா வெளிய எடுத்த அந்தச் சுத்துற உருளை, நடுவுல இருக்கிற வரைக்கும் காந்தப்புலம் இரும்பு வழியாவே ஒரு சுத்து வந்து முடிஞ்சுடும். ஆர்மேச்சரை உருவிட்டா அந்தச் சுத்து அறுந்துடுது, காந்தம் தன்னைத்தானே பலவீனப்படுத்திக்கும். அதனாலதான் பழைய ஆளுங்க உருவும்போதே அந்த இடத்துல ஒரு இரும்புத் துண்டை நுழைச்சுக்கிட்டே உருவுவாங்க. பெல் டிரான்ஸ்ஃபார்மர் தர்றது ஏசி. ஏசி போனா காந்தம் இப்படியும் அப்படியும் இழுபடும், அதுவும் அல்நிக்கோவுக்கு ஆகாது.

ஏன் வேகமா சுத்தி, சூடாகி, இழுக்காம நிக்குது? மோட்டார் சுத்தும்போது உள்ள எதிர் வோல்டேஜ் ஒண்ணு உண்டாகும், அதுதான் கரண்டை அடக்கி வைக்கிறது. காந்தம் பலமில்லன்னா அந்த அடக்கம் வர்றதுக்கு மோட்டார் இன்னும் வேகமா சுத்தணும். பாரம் ஏறினதும் வேகம் குறையும், கரண்ட் எகிறும், ஆனா இழுக்கிற சக்தி இருக்காது. என்கிட்ட இருக்கிற இதே டேங்க் அரை ஆம்பியர் அக்கம்பக்கத்துல ஓடுது. உங்களுது ஒண்ணரை ஆம்பியர் காட்டினா நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

கோவை காயில் | ஞாயிறு, காலை 7:30

காலை வணக்கமுங்க. மோட்டார் கட்டுறது நம்ம தொழிலுங்க, பம்புசெட்டு மோட்டாரெல்லாம். பொம்மை மோட்டார் கட்டினது கம்மிதான்.

கரிப்புகை அண்ணன் சொன்னது சரிதானுங்க. ஆனா காந்தத்து மேல பழி போடுறதுக்கு முன்னால காயிலையும் ஒருக்கா பாத்துப்போடுங்க தம்பி, செலவில்லாத வேலை. ஆர்மேச்சரோட சேர்ந்து சுத்தி கரண்டை வாங்குற கம்யூட்டேட்டர்ல மூணு செக்மென்ட் (துண்டு) இருக்குமுங்க. அதைத் தொட்டுக் கரண்ட் குடுக்கிற பிரஷ் ரெண்டையும் எடுத்துட்டு, மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வெச்சு ஒண்ணு-ரெண்டு, ரெண்டு-மூணு, மூணு-ஒண்ணு பாருங்க. மூணும் ஒண்ணுபோல வரோணும். ஒண்ணு மட்டும் ஒதுங்கி நின்னா அந்தக் காயில்ல கோளாறுங்க. அப்புறம் செக்மென்ட்டுக்கும் நடுத் தண்டுக்கும் வெச்சுப் பாருங்க, எதுவும் காட்டக் கூடாதுங்க. காட்டுச்சுன்னா வயர் எனாமல் போயி இரும்புல ஒட்டுதுன்னு அர்த்தம்.

இதுக்கு ஆர்மேச்சரை உருவ வேண்டாமுங்க. ஏற்கெனவே ஒருத்தர் உருவினது போதும்.

சாவிப்பொம்மை | ஞாயிறு, காலை 8:10

நான் கரண்டு ரயில் பக்கமே வராதவள். சாவி கொடுத்தால் ஓடுகிற தகர ரயில் மட்டும்தான் வைத்திருக்கிறேன். ஹார்ன்பி 1920லேயே ஓ கேஜில் சாவி ரயில் போட ஆரம்பித்துவிட்டார்கள், 32 மில்லிமீட்டர் தண்டவாளம். அதனால் மோட்டார் பற்றி வாய் திறக்க மாட்டேன். ஆனால் மண்ணெண்ணெய் என்றதும் வந்துவிட்டேன்.

பழைய எண்ணெய் காய்ந்து அரக்கு மாதிரி ஆகியிருக்கும். அதைக் கரைக்காமல் மேலே புது எண்ணெய் விட்டால் களிம்புதான் மிச்சம். பல் சக்கரங்களைச் சுத்தம் செய்தபின் தையல் மெஷின் எண்ணெய், ஊசி முனையில் எடுத்து ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு துளி. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். என் மாமியார் ஒருமுறை அக்கறையாக விட்டார்கள். மார்கழியில் உறைந்து இன்ஜினே நின்றுவிட்டது.

சாவி ரயில் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு எச்சரிக்கை: ஸ்பிரிங் இருக்கிற கூண்டை முறுக்கு முழுவதும் இறங்காமல் திறக்காதீர்கள். என் இடது கட்டை விரலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

பொன்மலைப்பேரன் | ஞாயிறு, பகல் 1:15

அக்கா, சிரிச்சு முடியல. நன்றி.

கோவை அண்ணே, மூணு ரீடிங்கும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் வருது. தண்டுல எதுவும் காட்டல. அப்போ காயில் நல்லாத்தான் இருக்கு, இல்லியா?

பக்கத்து வீட்டு எலக்ட்ரானிக்ஸ் தம்பிகிட்ட பவர் சப்ளை கடன் வாங்கினேன். இன்ஜினைக் கையில பிடிச்சா 0.9 ஆம்பியர். தண்டவாளத்துல வச்சு விரலால தடுத்தா 1.6.

கரிப்புகை | ஞாயிறு, பகல் 1:30

சொன்னேன்ல.

தகரப்பெட்டி | ஞாயிறு, பகல் 2:20

மோட்டாரை நண்பர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் பெயின்ட்டுக்கே வருகிறேன்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெயின்ட் போயிருப்பது எங்கே? டேங்கின் இரண்டு பக்கத்திலும் நடுவில், புகைபோக்கியின் விளிம்பில். அதாவது கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பிடித்துத் தூக்குகிற இடத்தில். முதலில் அந்த ஃபோர்மேன் பையன், பிறகு உங்கள் அப்பா. அது கெட்டுப்போன பெயின்ட் இல்லை, விளையாடிய தடம். கார் பெயின்ட்டின் பளபளப்பு இந்தக் கறுப்பில் கிடையாது. சிங்க முத்திரையும் நம்பரும் மெல்லிய டிரான்ஸ்ஃபர், தின்னர் பட்டால் நொடியில் போய்விடும். மறுபடி அடித்த இன்ஜினுக்குச் சேகரிப்பவர்களிடம் மதிப்பு இறங்கிவிடும். விற்கப் போவதில்லை என்பீர்கள். சரி, ஆனால் திரும்பக் கொண்டுவர முடியாத வேலை இது ஒன்றுதான்.

சுத்தம் செய்வது எப்படி: மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு, வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு குழந்தை ஷாம்பு, காது குடையும் பஞ்சுக் குச்சி. தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். முத்திரை மேல் கை வைக்காதீர்கள்.

கரிப்புகை | ஞாயிறு, பகல் 2:45

நான் கொஞ்சம் மாறுபடுறேன். தகரப்பெட்டி சார் சொல்றது அரிய சாமானுக்குச் சரி. இந்த டேங்க் இங்கிலாந்துல ஆயிரக்கணக்குல வித்த சாமான், சந்தைக்குப் போனா மேசைக்கு மேசை நிக்கும். அவர் வீட்டு இன்ஜின், அவர் இஷ்டம். நான் ரெண்டு இன்ஜின் முழுசா பெயின்ட் உரிச்சு அடிச்சிருக்கேன், வருத்தமே இல்ல. கண்ணாடி அலமாரிக்குள்ள பூட்டி வச்சு வருஷத்துக்கு ஒருக்கா தூசி தட்டுறதுக்குப் பேர் ரயில் இல்ல.

தகரப்பெட்டி | ஞாயிறு, பகல் 2:58

ஆயிரக்கணக்கில் விற்றது உண்மைதான். பொன்மலைப் பரணிலிருந்து இறங்கியது இது ஒன்றுதான். உரித்த அந்த இரண்டு இன்ஜின்களின் பழைய படம் வைத்திருக்கிறீர்களா?

கரிப்புகை | ஞாயிறு, பகல் 3:10

…இல்ல.

வெம்பிளித் தடம் | ஞாயிறு, மாலை 6:30

வணக்கம், நான் லண்டனிலை இருக்கிறன். வந்த புதுசிலை ஒரு பழைய சாமான் சந்தையிலை டப்ளோ பெட்டி ஒண்டு வாங்கினதோடை இந்த விசர் பிடிச்சது. இஞ்சை பழைய ரயில் சாமான் விக்கிற சந்தையள் அடிக்கடி நடக்கும், தேவாலய மண்டபம், பள்ளிக்கூட மண்டபம் எண்டு. பெரிசா பாக்க வேணுமெண்டால் அலெக்ஸாண்ட்ரா பலஸ் கண்காட்சி இருக்கு. பிரஷ், பிரஷ் ஸ்பிரிங், நடுத் தண்டவாளத்தைத் தொடுற கலெக்டர், எல்லாம் இப்பவும் புதுசாச் செய்து விக்கினம். தம்பிக்கு என்ன வேணுமெண்டு சொன்னால் மாசி மாசம் ஊருக்கு வரேக்கை கொண்டு வந்து சென்னையிலை தபாலிலை போட்டுவிடுவன்.

காந்தத்துக்கு ரெண்டு வழி. ஒண்டு, திரும்பக் காந்தம் ஏத்துறது. இஞ்சை சந்தையிலை அந்த மெஷினோடை ஒரு ஐயா இருப்பார், கண்ணுக்கு முன்னாலை செய்து தருவார். ரெண்டாவது, பழைய காந்தத்தை எடுத்துப்போட்டு சின்ன நியோடைமியம் காந்தம் வைக்கிறது. இப்ப கனபேர் அதைத்தான் செய்யினம். ஆனால் அளவு கூடிப்போனால் ஆர்மேச்சர் பல்லுப் பல்லா இழுபட்டு, மெதுவா ஓடேக்கை குலுங்கும். நான் முதலாவது வழிக்குத்தான் வாக்குப் போடுவன்.

இன்னொண்டு. வேகன் சக்கரம், அடிச்சட்டம் எல்லாத்தையும் கண்ணாடி வைச்சுப் பாருங்கோ, வெடிப்பு, வீக்கம் இருக்கோ எண்டு. போருக்கு முந்தின டப்ளோ ஒண்டு நான் நல்ல விலைக்கு வாங்கி, பெட்டியைத் திறக்க அடிச்சட்டம் பிஸ்கட் மாதிரி நொறுங்கினது. துத்தநாக வார்ப்பிலை ஈயம் கலந்துபோனால் வாற வருத்தம் அது. உள்ளுக்குள்ளையே அரிச்சு, ஊதி, வெடிச்சுப் போகும். மருந்து இல்லை.

பொன்மலைப்பேரன் | ஞாயிறு, மாலை 6:55

ஐயோ. அது பக்கத்துல இருக்கிற மத்த இன்ஜினுக்கும் பரவுமா?

வெம்பிளித் தடம் | ஞாயிறு, இரவு 7:05

இல்லை இல்லை, தொற்று வியாதி இல்லை. வார்க்கிற அண்டைக்கே உள்ளுக்கை இருந்த பிழை. உங்கடை அம்பதுகளிலை செய்தது, அநேகமாத் தப்பிச்சிருக்கும்.

மீட்டர்கேஜ் | ஞாயிறு, இரவு 8:00

கொஞ்சம் தடம் மாறுறேன், மன்னிக்கணும். டப்ளோன்னா டபுள் ஓ. உருவம் 1:76, ஆனா தண்டவாளம் 16.5 மிமீ. அசல் 1435 மிமீ பாதையை 76ஆல வகுத்தா 19 மிமீ கிட்ட வரணும். பிரிட்டிஷ் இன்ஜின் உருவத்துல சின்னது, அந்தக் காலத்து மோட்டார் உள்ள அடங்கல, அதனால உடம்பை மட்டும் பெருசாக்கிட்டாங்க. மத்த நாட்டுக்காரங்க அதே 16.5ல 1:87 ஓட்டுறாங்க.

நம்ம பாடு இன்னும் மோசம். நம்ம பிராட்கேஜ் 1676 மிமீ. 1:87ல 19 மிமீக்கு மேல வேணும். கடையில வாங்குற இந்திய மாடல் எல்லாம் 16.5லதான் நிக்குது, நேரா முன்னாடி இருந்து பார்த்தா ஒல்லிக் காலு. அதனால நான் மீட்டர்கேஜுக்கே போயிட்டேன். 1000 மிமீயை 87ஆல வகுத்தா 11.5. 12 மிமீ தண்டவாளம் ரெடிமேடா கிடைக்குது. 1931ல மின்மயமான சென்னை பீச்-தாம்பரம் பாதையோட மீட்டர்கேஜ் மின்சார ரயிலை அட்டையில செஞ்சுட்டு இருக்கேன். அஞ்சு வருஷமா ஜன்னல் மட்டும் வெட்டுறேன்.

நெறியாளர் | ஞாயிறு, இரவு 8:20

மீட்டர்கேஜ் சார், அந்த ஜன்னலுக்குத் தனி இழை தொடங்குங்க, எல்லாரும் பார்க்கணும். இங்க டப்ளோ மட்டும்.

கோவை காயில் | திங்கள், காலை 6:50

தம்பி, காந்தம் ஏத்துறதுக்கு லண்டன் போக வேண்டாமுங்க. பழைய ஸ்கூட்டர், மொபெட் மேக்னெட் சார்ஜ் பண்ணுற கடை முன்னெல்லாம் ஊருக்கு ஊர் இருந்துச்சுங்க. இப்பவும் டூ வீலர் எலக்ட்ரீஷியன் வயசானவங்க சிலர்கிட்ட அந்த மெஷின் இருக்குது. ஸ்பீக்கர் ரிப்பேர் பண்ணுறவங்ககிட்டயும் விசாரியுங்க.

மூணு விசயம் மட்டும் கவனமுங்க. ஒண்ணு, காந்தத்தைத் தனியாக் கழட்டிக் குடுக்காதீங்க. மோட்டாரை அப்படியே, ஆர்மேச்சர் உள்ள இருக்கிறபடியே மெஷின் ரெண்டு துருவத்துக்கும் நடுவுல வெக்கச் சொல்லுங்க. தனியா ஏத்திட்டு வந்து மாட்டினா, மாட்டுறதுக்குள்ள பாதி போயிரும். ரெண்டு, இப்போ எந்தப் பக்கம் வடக்குன்னு ஒரு திசைகாட்டியை வெச்சுப் பாத்து மார்க்கரால குறிச்சுக்குங்க. மாத்தி ஏத்திட்டா இன்ஜின் பின்னால போகும். மூணு, பிரஷ்ஷும் ஸ்பிரிங்கும் கழட்டிப் பொட்டலம் கட்டி வீட்டுலயே வெச்சிருங்க, கடையில விழுந்தா கிடைக்காது.

கரிப்புகை | திங்கள், காலை 9:15

அது ஆகறதுக்குள்ள தண்டவாளத்தைப் பாருங்க. துணியில ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் நனைச்சுத் துடைங்க, மருந்துக் கடையில கேட்டா கிடைக்கும். உப்புத்தாள் போடாதீங்க, கீறல்ல அழுக்கு போய் உக்காரும். பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் கூடவே கூடாது. அதோட தூள் எல்லாம் காந்தம் இழுத்து மோட்டாருக்குள்ள போயிடும். நடுத் தண்டவாளம் தகரத்தைத் தொடாம இருக்கான்னு 14 துண்டையும் ஒவ்வொண்ணா மீட்டர் வச்சுப் பாருங்க. ஒரே ஒரு துண்டு ஷார்ட்டா இருந்தாலும் போதும், இன்ஜினைத் திட்டிட்டு உக்காந்திருப்பீங்க.

கம்யூட்டேட்டர்ல அந்த மூணு இடுக்குலயும் கார்பன் பொடி அடைஞ்சிருக்கும், பல் குத்துற குச்சியால எடுங்க. அங்க எண்ணெய் விடாதீங்க.

பொன்மலைப்பேரன் | 13 நாள் கழிச்சு, ஞாயிறு, இரவு 9:30

எல்லாருக்கும் நன்றி, நடந்ததை வரிசையாச் சொல்றேன்.

தண்டவாளம் 14ல மூணு ஷார்ட். அதுல ரெண்டு துரு, சுரண்டினதும் சரியாச்சு. ஒண்ணுல இன்சுலேஷன் துண்டே இல்ல, ஃபைபர் அட்டையில வெட்டி வச்சேன்.

காந்தம்: தில்லை நகர், உறையூர்னு ஆறு கடை ஏறி இறங்கினேன். அஞ்சு பேர் சிரிச்சாங்க. ஆறாவது ஒரு பெரியவர், கடை போர்டுல எழுத்தே அழிஞ்சு போயிருக்கு, மோட்டாரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ள போய் தூசி படிஞ்ச மெஷினை இழுத்துட்டு வந்தார். அது மேல தினகரன் பேப்பர் விரிச்சு அவர் சாப்பாட்டு டப்பா இருந்துச்சு. நான் ஆர்மேச்சரை எடுக்கக் கூடாதுன்னு சொல்ல வாயைத் திறக்குறதுக்குள்ள அவரே, "உள்ளயே இருக்கட்டும், எடுத்தா போயிரும்"னார். ரெண்டு தடவை டக்கு டக்குன்னு சத்தம், அவ்வளவுதான். காசு எவ்வளவுன்னு கேட்டேன். ஓடுச்சுன்னா வந்து காட்டுன்னு சொல்லிட்டார்.

இப்போ கையில பிடிச்சா 0.35 ஆம்பியர். மூணு வேகனும் கார்டு வேனும் மாட்டி இழுக்கும்போது 0.55. அரை மணி நேரம் ஓட்டினேன், வெதுவெதுப்பு மட்டும்தான்.

பெயின்ட் அடிக்கல. ஷாம்பு மட்டும்.

கூடத்துல வட்டம் போட்டு ஓட்டும்போது அப்பா ஊஞ்சல்ல இருந்தார். ஒண்ணும் பேசல. நாலஞ்சு சுத்துக்கு அப்புறம் எழுந்து வந்து தரையில உக்காந்து, கன்ட்ரோலை என் கையில இருந்து வாங்கிட்டார். ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டும் வரல. அம்மா என்னைத் திட்டுறாங்க.

நாளைக்கு அந்தப் பெரியவர் கடைக்கு வீடியோவோட போறேன்.

சாவிப்பொம்மை | ஞாயிறு, இரவு 9:41

வீடியோ வேண்டாம், இன்ஜினையே தூக்கிக்கொண்டு போங்கள். இரண்டு துண்டு தண்டவாளமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தகரப்பெட்டி | ஞாயிறு, இரவு 9:50

ஷாம்பு மட்டும் என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். நன்றி.

கரிப்புகை | ஞாயிறு, இரவு 9:58

0.35 அருமை. என்னோடதை விடக் கம்மி. அந்தப் பெரியவர் கடை எந்தத் தெருன்னு தனிமடல்ல அனுப்புங்க, எனக்கு நாலு மோட்டார் இருக்கு.

பொன்மலைப்பேரன் | ஞாயிறு, இரவு 10:20

அனுப்பிட்டேன் அண்ணே. ஒரு சின்ன சந்தேகம் மட்டும் பாக்கி. வளைவுல கடைசி வேகனுக்கும் கார்டு வேனுக்கும் நடுவுல அடிக்கடி கழண்டுக்குது. கொக்கியை மூக்குக் குறடால கொஞ்சம் வளைச்சுப் பார்க்கலாம்னு அப்பா சொல்றார்.

தகரப்பெட்டி | ஞாயிறு, இரவு 10:21

குறட்டை அப்பாவிடமிருந்து வாங்கி வையுங்கள். கொக்கியைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.